சின்னப் பெட்டி, பழகிய கை: வியூக போர்டு கேம்களின் சுருக்கப் பதிப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பெரிய வியூக ஆட்டம் நன்றாக ஓடிவிட்டால் போதும், சில வருடத்தில் அதன் குட்டி ஒன்று கடைக்கு வந்துவிடும். பெட்டி சிறிதாக இருக்கும், விதிகள் குறைந்திருக்கும், நேரம் பாதியாகும், விலையும் இறங்கும். புதிதாக ஆட வருகிறவருக்கு இது வசதி என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. பெரியதை ஆடிப் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்பதுதான் எங்கள் மேசையில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. அதையும் அதைச் சுற்றி எழும் மற்ற கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆட்டங்களை அறியாதவர்களுக்காக ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரி அறிமுகம் இருக்கும். தெரிந்தவர்கள் அதைத் தாண்டிப் போகலாம்.

சுருக்கப் பதிப்பு என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

பெட்டியின் மேல் ஒரே மாதிரி எழுதியிருந்தாலும் உள்ளே நடப்பது வேறு வேறு. சிலவற்றில் பழைய ஆட்டத்திலிருந்து ஒரு பகுதியை அப்படியே கழற்றி எடுத்துவிடுவார்கள். அக்ரிகோலாவின் குடும்பப் பதிப்பு (2016) அப்படிப்பட்டது. சிலவற்றில் விதி ஏறக்குறைய அதேதான், பலகையும் காய்களும் மட்டும் சிறுத்திருக்கும். டிக்கெட் டு ரைட் நியூயார்க் (2018) இந்த வகை. இன்னும் சிலர் பெயரையும் கதையையும் வைத்துக்கொண்டு ஆட்டத்தை அடியிலிருந்து புதிதாகக் கட்டுவார்கள். இருவருக்கென்றே 2015-இல் வந்த செவன் வொண்டர்ஸ் டூயல் அப்படி வந்தது. அப்புறம் குழந்தைகளுக்கான பதிப்புகள் தனி.

இந்த நான்கையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவதால்தான் பாதி வாதம் எங்கும் போய்ச் சேருவதில்லை. ஒருவர் டூயலை மனதில் வைத்துக்கொண்டு ‘அருமை’ என்பார். எதிரில் இருப்பவர் குழந்தைப் பதிப்பை நினைத்துக்கொண்டு ‘சப்’ என்பார்.

சரி, நேராகச் சொல்லுங்கள். அனுபவசாலிகளுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா?

எதை வெட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு பெரிய ஆட்டத்தில் நாம் செலவிடும் நேரம் இரண்டு விதமாகப் போகிறது. ஒன்று வேலை: அட்டைகளைப் பிரித்து அடுக்குவது, காய்களை எண்ணுவது, ரவுண்டு முடிவில் எல்லாவற்றையும் திருப்பி வைப்பது, சிறு விதிக்காக விதிப்புத்தகத்தைப் புரட்டுவது. இன்னொன்று முடிவு: இதை எடுப்பதா அதை எடுப்பதா, அவன் எடுக்குமுன் நான் எடுப்பதா, இப்போது விட்டால் அடுத்த ரவுண்டில் கிடைக்குமா என்ற தவிப்பு. வேலையை வெட்டிய பதிப்பைப் பழைய கைகள் கும்பிட்டு வாங்குகிறார்கள். முடிவை வெட்டிய பதிப்பை ஒருமுறை ஆடிவிட்டு, ‘நல்லாத்தான் இருக்கு’ என்று மரியாதைக்குச் சொல்லி மூடி வைக்கிறார்கள்.

நேரம் குறைவு, விதி குறைவு என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு குறையே இல்லை. வயது ஏற ஏற, வீட்டில் குழந்தை வந்த பிறகு, நாலு மணி நேர ஆட்டத்துக்கு உட்காரும் ஆசை யாருக்கும் குறைந்துதான் போகிறது.

வேலையை மட்டும் வெட்டிய பதிப்புக்கு ஓர் உதாரணம்?

க்ளூம்ஹேவன். ஐசக் சில்ட்ரெஸ் வடிவமைத்து 2017-இல் வந்த கூட்டு ஆட்டம். எல்லோரும் ஒரே அணியாக நிலவறைகளில் இறங்கி அரக்கர்களோடு மோதவேண்டும். 17 வகை வீரர்கள், 95 கட்டங்கள் (ஒவ்வொன்றும் தனியாக ஆடும் ஒரு சாகசம்), பெட்டி சுமார் 10 கிலோ.

இதன் உயிர் இரண்டு கார்டுகளில் இருக்கிறது. ஒவ்வொரு ரவுண்டிலும் கையிலிருந்து இரண்டு கார்டு எடுக்கிறீர்கள். ஒன்றின் மேல்பாதியையும் மற்றதன் கீழ்ப்பாதியையும் பயன்படுத்த வேண்டும். மேல்பாதி பெரும்பாலும் அடி, கீழ்ப்பாதி பெரும்பாலும் நகர்வு. எந்தக் கார்டின் எண்ணை முன்னால் வைக்கிறீர்களோ அதை வைத்து உங்கள் முறை முந்தும் அல்லது பிந்தும். கையில் இருப்பதே பத்து சொச்சம் கார்டுகள். ஓய்வெடுத்தால் ஆடியவை திரும்பக் கைக்கு வரும், ஆனால் ஒவ்வோர் ஓய்விலும் ஒரு கார்டு அந்தக் கட்டம் முடியும்வரை போய்விடும். ஆக, கை கரைந்துகொண்டே வரும். கார்டு தீர்ந்தால் வீரர் களைத்து விழுந்துவிடுவார். நல்ல அடி ஒன்றை இப்போதே போட்டு அந்தக் கார்டை இழப்பதா, கடைசி அறைக்கு வைத்துக்கொள்வதா என்று உள்ளங்கை வியர்க்கும்.

இதெல்லாம் சரி, ஆனால் அந்த முதல் அடிக்கு முன்னால் என்னென்ன செய்யவேண்டும்? ஜிக்சா போல் பல்லு வெட்டிய வரைபடத் துண்டுகளைத் தேடிப் பொருத்தவேண்டும். கதவு, பொறி, கல், புதையல் என்று ஒவ்வொன்றையும் இடம் பார்த்து வைக்கவேண்டும். அரக்கர்களின் அட்டை, அவர்களுக்கான கார்டுக் கட்டு, அவர்களின் தகவல் பலகை எல்லாம் எடுக்கவேண்டும். அரை மணி நேரம் அதிலேயே போய்விடும்.

2020-இல் இதன் சுருக்கமாக வந்த ஜாஸ் ஆஃப் தி லயன் இந்த இடத்தில்தான் கத்தி வைத்தது. வரைபடத் துண்டுகளே கிடையாது. கட்டங்கள் அடங்கிய புத்தகத்தைத் திறந்தால் அந்தப் பக்கமே ஆட்டப் பலகை. அதன்மேல் காய்களை வைத்து ஆடவேண்டியதுதான். வீரர்கள் 4, கட்டங்கள் 25. முதல் 5 கட்டங்கள் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கவே. பெரியதில் ஒவ்வொரு வீரருக்கும் தனிப்பட்ட இலக்கு ஒன்று இருக்கும், அதை எட்டியதும் அவர் ஓய்வு பெற்றுப் போக புது வீரர் வருவார். சின்னதில் அந்த ஏற்பாடு இல்லை. வழியில் நடக்கும் சம்பவக் கார்டுகளும் இல்லை. ஆனால் அந்த இரண்டு கார்டு, மேல்பாதி கீழ்ப்பாதி, கரையும் கை மூன்றிலும் கை வைக்கவில்லை. வெளிவந்தபோது அமெரிக்காவில் பெரியதன் அறிவிப்பு விலை 140 டாலர், சின்னது 50 டாலர்.

போர்டுகேம்கீக் தளத்தில் ஆடுபவர்களே மதிப்பெண் போட்டு வரும் தரவரிசையில் சின்னது முதல் 10-க்குள் நுழைந்தது. அங்கே ஓட்டுப் போடுகிறவர்கள் பெரும்பாலும் பழைய கைகள்தான். அவர்கள் சொல்லும் ஒரே குறை, கற்றுக்கொடுக்கும் முதல் கட்டங்கள் மெதுவாக நகர்கின்றன என்பது. அது நியாயமான குறைதான்.

முடிவை வெட்டியதற்கு உதாரணம்?

அக்ரிகோலா. ஊவே ரோசன்பெர்க்கின் விவசாய ஆட்டம், 2007. ஒரு கணவன், ஒரு மனைவி, இரண்டு அறை மரவீடு, காலியான நிலம். 14 ரவுண்டுகளில் உழுது, விதைத்து, வேலி போட்டு, ஆடு மாடு வளர்த்து, வீட்டைப் பெரிதாக்கி, குழந்தை பெற்று முன்னேற வேண்டும். மேசை நடுவில் செயல்கள் அடங்கிய கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்தில் ஒருவர் ஆள் வைத்துவிட்டால் அந்த ரவுண்டில் மற்றவருக்கு அது இல்லை.

4, 7, 9, 11, 13, 14 ஆகிய ரவுண்டுகளின் முடிவில் அறுவடை. அறுவடை என்றால் கொண்டாட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு ஒவ்வொரு பெரியவருக்கும் 2 உணவு வைத்தாக வேண்டும். குறையும் ஒவ்வொரு உணவுக்கும் ஒரு பிச்சைக் கார்டு, ஒவ்வொரு கார்டுக்கும் 3 பாயிண்ட் கழிவு. முதல் அறுவடைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மூன்று ரவுண்டு. பிறகு இரண்டிரண்டு. கடைசியில் ஒன்றே ஒன்று. மூச்சு விடும் இடைவெளி குறைந்துகொண்டே வரும்.

இவ்வளவும் குடும்பப் பதிப்பிலும் ஏறக்குறைய இருக்கிறது. இல்லாதது கைக் கார்டுகள். முழு ஆட்டத்தில் தொடக்கத்திலேயே ஒவ்வொருவருக்கும் 7 தொழில் கார்டு, 7 சிறு மேம்பாட்டுக் கார்டு என்று 14 கார்டு வரும். அந்த 14-ஐ விரித்துப் பார்க்கும்போதே ஆட்டம் தொடங்கிவிடுகிறது. உங்கள் கை களிமண் பக்கம் இழுக்கும், என் கை மீன்பிடிப் பக்கம் இழுக்கும். இந்தத் தடவை உழவே வேண்டாம், கால்நடையிலேயே காலம் தள்ளலாம் என்று ஒரு விபரீத யோசனை தோன்றும். அது சில சமயம் ஜெயித்தும் விடும்.

கார்டுகளை எடுத்துவிட்டால் எல்லோரும் ஒரே செயல்களையும் ஒரே பெரிய மேம்பாடுகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். புதிய செயல்கள் வெளிவரும் வரிசை கொஞ்சம் மாறுமே தவிர, நல்ல வழி எது என்பது சில ஆட்டங்களில் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு பழைய கைக்கு அதில் தேட ஒன்றுமில்லை.

இதில் வேடிக்கை, 2007 பெட்டியிலேயே கார்டில்லாமல் ஆடும் குடும்ப ஆட்டம் இருந்தது. புதியவர்கள் அதிலிருந்து தொடங்கலாம் என்று விதிப்புத்தகமே சொன்னது. அதாவது, பெரிய பெட்டி வைத்திருப்பவருக்குச் சின்னது ஏற்கெனவே கையில் இருந்தது. அப்படியிருக்க அவர் எதற்குத் தனியாக வாங்குவார்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கார்டின் அதிர்ஷ்டமே வேண்டாம், மேசையில் எல்லாம் திறந்து கிடக்க ஒருவரை ஒருவர் மறித்து ஆடுவதுதான் சுகம் என்று குடும்ப ஆட்டத்தையே விரும்பும் பழைய ஆட்களும் உண்டு. எண்ணிக்கையில் குறைவு, பிடிவாதத்தில் குறைவில்லை.

அப்படியானால் அக்ரிகோலாவின் சின்னது எல்லாமே பழையவர்களுக்கு ஆகாதா?

இல்லை. 2012-இல் ரோசன்பெர்க்கே ஆல் க்ரீச்சர்ஸ் பிக் அண்ட் ஸ்மால் என்று இருவருக்கான ஒன்றைக் கொண்டுவந்தார். 8 ரவுண்டு, ஆளுக்கு 3 ஆட்கள், அரை மணி நேரம். உழவு இல்லை, விதைப்பு இல்லை, சோறு போடும் தொல்லையும் இல்லை. ஆடு, பன்றி, மாடு, குதிரை வளர்ப்பது மட்டும்தான்.

பட்டியலாகப் பார்த்தால் குடும்பப் பதிப்பைவிட இதில்தான் அதிகம் வெட்டியிருக்கிறார்கள். ஆனாலும் பழையவர்கள் இதை விடாமல் ஆடுகிறார்கள். வெட்டிய இடத்தில் புது நெருக்கடி ஒன்றை நட்டுவைத்ததுதான் காரணம். ஒவ்வொரு ரவுண்டு முடிவிலும், ஒரே இனத்தில் இரண்டு இருந்தால் மூன்றாவது பிறக்கும். அதை வைக்க இடம் வேண்டும். இடத்துக்கு வேலி வேண்டும், வேலிக்கு மரம் வேண்டும், மரத்தை எதிராளி இப்போதுதான் அள்ளிக்கொண்டு போனார். பசி என்ற கவலை போய், இடம் என்ற கவலை வந்து உட்கார்ந்துவிட்டது.

டிக்கெட் டு ரைட்டின் நகரப் பதிப்புகள் எப்படி?

ஆலன் மூனின் டிக்கெட் டு ரைட், 2004-இல் ஜெர்மனியின் அவ்வருடச் சிறந்த ஆட்டம் விருது பெற்றது. வண்ணக் கார்டுகளைச் சேர்த்து ரயில் பாதைகளைப் பிடிக்கும் ஆட்டம். அதன் குட்டிகளாக நியூயார்க், லண்டன், ஆம்ஸ்டர்டாம், சான் ஃபிரான்சிஸ்கோ, பெர்லின் என்று வரிசையாக வந்தன.

பெரியதில் ஆளுக்கு 45 ரயில். நியூயார்க்கில் ஆளுக்கு 15 டாக்சி. ஆட்டம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இதை ‘சிறுவர் சமாசாரம்’ என்று ஒதுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை உட்காரவைத்தால் போதும், முகம் மாறும். 45 ரயில் இருக்கும்போது ஒருவர் உங்கள் பாதையை மறித்தால் சுற்றிப் போகலாம். ரயில் வீணாகும், ஆனால் ஊர் போய்ச் சேரலாம். 15 டாக்சியில் சுற்றுவழி என்ற பேச்சே இல்லை. நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பாதையை எதிராளி பிடித்தால், கையில் இருக்கும் டிக்கெட் (எந்த இரண்டு இடத்தை இணைக்கவேண்டும் என்று சொல்லும் கார்டு) கழிவுப் பாயிண்டாக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் கார்டு சேர்த்துக்கொண்டே போகும் பெரியதன் பழக்கம் இங்கே செல்லாது. நாலு கார்டு சேரட்டும் என்று காத்திருப்பவருக்கு முன்னால் இன்னொருவர் ஆட்டத்தையே முடித்துவிடுவார்.

ஆனால் இதைப் பெரியதற்கு மாற்றாக யாரும் ஆடுவதில்லை. பெரிய ஆட்டம் ஒன்றுக்கு நாலாவது ஆள் வந்துசேரும்வரை ஆடுவது, அல்லது அது முடிந்து கிளம்புமுன் ‘இன்னொண்ணு’ என்று ஆடுவது. அந்த இடத்தில் இதை அடிக்க வேறொன்று குறைவு. நகரப் பதிப்புகளில் என் ஓட்டு லண்டனுக்கு. ஒரே வட்டாரத்தின் எல்லா இடங்களையும் இணைத்தால் கூடுதல் பாயிண்ட் என்ற ஒரு விதி, யோசிக்கக் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறது.

ஆட்டம் சுருங்கினால் அதிர்ஷ்டத்தின் பங்கு கூடிவிடாதா?

பெரும்பாலும் கூடும். நூறு தடவை கார்டு எடுக்கும் ஆட்டத்தில் நல்லதும் கெட்டதும் ஒன்றையொன்று சரிக்கட்டும். பதினைந்து தடவை எடுக்கும் ஆட்டத்தில் அதற்கு அவகாசம் இல்லை. இதற்கு எளிய வழி, மூன்று ஆட்டம் ஆடி இரண்டு ஜெயித்தவர் வெற்றி என்று வைத்துக்கொள்வது. நேரம் அப்போதும் பெரியதைவிடக் குறைவுதான்.

ஆனால் பலகை சின்னது என்பதாலேயே ஆழம் போய்விடும் என்று நினைப்பது தவறு. அதற்குப் பழைய ஆட்டங்களே சாட்சி. கறுப்பு வெள்ளைக் கற்களை வைத்து இடம் பிடிக்கும் கோ ஆட்டத்தின் முழுப் பலகை 19-க்கு 19 கோடுகள். கற்றுக்கொள்பவர்களுக்கு 9-க்கு 9 பலகையைக் கொடுப்பார்கள். அதே 9-க்கு 9-ஐத் தேர்ந்தவர்களும் ஆடுகிறார்கள், ஏனென்றால் அதில் முதல் சில கற்களிலேயே கைகலப்பு தொடங்கிவிடும், விட்ட இடத்தை வேறு மூலையில் ஈடுகட்ட வழியில்லை.

ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியைக் குழந்தைகளுக்காகச் சுருக்கி 2008-இல் டோபுட்சு ஷோகி என்று ஒன்றை உருவாக்கினார்கள். 3-க்கு 4 பலகை. மொத்தமே 12 கட்டம். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, கோழிக்குஞ்சு. காயின்மேல் உள்ள புள்ளிகளைப் பார்த்தாலே அது எந்தத் திசையில் போகும் என்று தெரியும். மறுவருடமே கணினி இதை முழுக்க அலசிவிட்டது: இருவரும் தவறே செய்யாமல் ஆடினால் 78-வது நகர்வில் இரண்டாவதாக ஆடுபவர் ஜெயிப்பார். பன்னிரண்டு கட்டத்துக்குள் 78 நகர்வு! கணினிக்கு முடிந்துபோன ஆட்டம், எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு இன்னும் முடியவில்லை.

செவன் வொண்டர்ஸ் டூயலை ஏன் எல்லோரும் புகழ்கிறார்கள்?

அந்துவான் பௌசாவின் செவன் வொண்டர்ஸ் (2010) பலர் சேர்ந்து கார்டுகளைக் கைமாற்றி ஆளுக்கொரு நகரம் வளர்ப்பது. முதல் பதிப்பில் இருவர் மட்டும் ஆட விதி இருந்தாலும், இல்லாத மூன்றாவது ஆளின் நகரத்தையும் சேர்த்து நிர்வகிக்க வேண்டியிருந்தது. பௌசாவும் ப்ரூனோ கத்தாலாவும் சேர்ந்து டூயலில் அந்தக் கைமாற்றலையே தூக்கிப்போட்டார்கள். அதற்குப் பதில் 20 கார்டுகளை ஒன்றின்மேல் ஒன்று விழும்படி அடுக்குகிறோம், சில வரிசை திறந்து, சில வரிசை கவிழ்ந்து. மேலே எதுவும் மூடாத கார்டைத்தான் எடுக்கமுடியும். நீங்கள் ஒன்றை எடுத்தால் அடியில் இருப்பது எதிராளிக்குத் திறக்கும்.

போதாததற்கு ஜெயிக்க மூன்று வழி. பாயிண்ட் ஒன்று. படைக்காய் எதிராளியின் தலைநகரம்வரை போய்விட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. அறிவியல் சின்னங்களில் வெவ்வேறான ஆறு சேர்த்தாலும் அங்கேயே முடிந்தது. எதிராளியிடம் ஐந்து சின்னம் இருக்கும்போது உங்களுக்குத் தேவையில்லாத ஒரு பச்சைக் கார்டை (அறிவியல் சின்னம் உள்ளது) வயிற்றெரிச்சலோடு எடுத்துக் கழித்துவிட்டு, அதனால் உங்கள் படை வரிசை பின்தங்கியதை அடுத்த முறையில் உணர்வீர்கள். கீக் தரவரிசையில் இது தன் தாய் ஆட்டத்துக்கு மேலேயே நிற்கிறது. இதைச் ‘சுருக்கப் பதிப்பு’ என்று சொல்வதே சரியா என்று கேட்டால், எனக்கும் தயக்கம்தான்.

அதே குடும்பத்தில் 2021-இல் வந்த ஆர்கிடெக்ட்ஸ் வேறு கதை. இடப்பக்கக் கட்டு, வலப்பக்கக் கட்டு, நடுக்கட்டு, மூன்றில் ஒன்றிலிருந்து ஒரு கார்டு. பெரியவர்களும் சிறியவர்களும் கலந்து உட்கார்ந்தால் நன்றாக ஓடும். பழையவர்கள் மட்டும் நாலு பேர் கூடினால் யாரும் அதை எடுக்கமாட்டார்கள்.

டெராஃபார்மிங் மார்ஸ் வைத்திருக்கிறேன். ஏரிஸ் எக்ஸ்பெடிஷனும் வேண்டுமா?

2016-இல் ஸ்வீடனிலிருந்து வந்த பெரியது, செவ்வாய்க் கிரகத்தை மனிதர் வாழத் தகுந்ததாக மாற்றுவது. 200-க்கும் மேற்பட்ட திட்டக் கார்டுகள், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஏரிஸ் எக்ஸ்பெடிஷன் (2021) அந்தக் கார்டு இன்பத்தை வைத்துக்கொண்டு வரைபடப் போட்டியை எடுத்துவிட்டது. ஆளாளுக்கு ஒரு கட்டத்தை (அந்த ரவுண்டில் நடக்கவேண்டிய செயலை) ரகசியமாகத் தேர்ந்து ஒரே நேரத்தில் திறப்பார்கள். தேர்ந்தவற்றை எல்லோரும் சேர்ந்து ஆடலாம், தேர்ந்தவருக்கு மட்டும் கொசுறு. அதனால் காத்திருப்பே இல்லை.

உங்களுக்குச் செவ்வாயில் பிடித்தது கார்டுகளைக் கோத்து வருமானம் பெருக்குவது என்றால் வாங்கலாம். அடுத்தவர் நகரம் வைக்கப் பார்த்த இடத்தில் முந்திக்கொண்டு காடு வளர்ப்பதுதான் பிடித்தது என்றால் வேண்டாம், அது இங்கே இல்லை.

இந்த ‘கட்டத்தைத் தேர்ந்தெடு’ உத்திக்கு ஒரு வம்சாவளி உண்டு. 2002-இன் புவர்ட்டோ ரிக்கோ ஆட்டத்தைச் சுருக்கி 2004-இல் சான் ஹுவான் வந்தது. கார்டே கட்டடம், கார்டே பணம், கார்டே சரக்கு. அதே மண்ணிலிருந்து 2007-இல் டாம் லேமனின் ரேஸ் ஃபார் த கேலக்ஸி முளைத்தது. சின்னச் சின்னக் குறியீடுகளாலேயே புதியவர்களை விரட்டியடிப்பதில் பேர்போன ஆட்டம் அது. எளிமையாக்கப் போன வழியிலேயே கடைசியில் கரைகண்டவர்களுக்கான ஆட்டம் வந்து நின்றது. ஏரிஸில் அதே உத்தியைப் பார்த்து ரேஸ் தெரிந்தவர்கள் சிரிப்பது அதனால்தான்.

கூட்டாக ஆடுபவற்றில்?

உலகெங்கும் பரவும் நோய்களை எல்லோரும் சேர்ந்து அடக்கும் பாண்டெமிக்கில் 48 நகரம், 4 நோய். அதன் ஹாட் ஸோன் வட அமெரிக்காவில் (2020) 24 நகரம், 3 நோய், அரை மணி. பழையவர்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. பிரயாணத்தில் எடுத்துப்போக ஆகும். கூட்டு ஆட்டங்களின் பழைய வியாதியான ‘ஒருவரே எல்லாருக்கும் உத்தரவு போடுவது’ சின்னதில் இன்னும் மோசமாகும், ஏனென்றால் பலகை முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிடுகிறது. க்ளூம்ஹேவன் வகையில் கார்டின் எண்களை வெளிப்படையாகச் சொல்லக்கூடாது என்ற விதி அந்த நோயைக் கொஞ்சம் அடக்கிவைக்கிறது.

குழந்தைப் பதிப்புகளைப் பெரியவர்கள் ஆடலாமா?

குழந்தையோடு ஆடலாம். தனியாக ஆட முயல வேண்டாம். மை லிட்டில் சைத் (2017) மட்டும் கொஞ்சம் விலக்கு. சைத் என்ற கனமான வியூக ஆட்டத்தின் ரசிகர்களான ஒரு தகப்பனும் சிறு மகளும் சேர்ந்து செய்தது அது. ஆட்டத்தை முடிக்க ஆறு நட்சத்திரத்துக்குப் பதில் நாலு கோப்பை, போருக்குப் பதில் பை (pie) என்ற பலகாரத்தை எறியும் சண்டை. தாய் ஆட்டத்தின் எலும்பு உள்ளே தெரிவதால் சைத் தெரிந்த பெரியவருக்கும் சலிக்காது.

சதுரங்கத்தில் இந்தப் பிரச்சினையே இல்லையே?

இல்லை, ஏனென்றால் அங்கே விதியைத் தொடாமல் கடிகாரத்தைத் தொட்டார்கள். ரேபிட், ப்ளிட்ஸ் எல்லாம் அதே 64 கட்டம், அதே காய். அவற்றுக்குத் தனி உலகப் போட்டியே நடக்கிறது. நம் ஆனந்த் 48 வயதில், 2017-இல் ரியாத்தில் உலக ரேபிட் பட்டம் வென்றார். போர்டு கேமில் இது நடக்காது. அக்ரிகோலாவுக்குக் கடிகாரம் வைத்தாலும் ரவுண்டுக்கு ரவுண்டு மரத்தையும் களிமண்ணையும் எடுத்து நிரப்பும் நேரம் குறையாது.

மாறாக, மொபைலிலும் கணினியிலும் ஆடும்போது அந்த நிரப்பும் வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. டெராஃபார்மிங் மார்ஸ் 2018 முதலே கணினியில் இருக்கிறது. மேசையில் மாலை முழுவதையும் விழுங்கும் ஆட்டத்தை அங்கே பாதி நேரத்தில் முடித்துவிடலாம். திரையில் ஆடப் பழகியவர்கள் சுருக்கப் பதிப்பைத் தேடுவது குறைவு என்பதை என் நண்பர்களிடமே பார்க்கிறேன். அவர்களுக்கு வேண்டியது முழு ஆட்டம், வேலை இல்லாமல்.

அப்புறம் ஏன் சிலர் ஆடிப் பார்க்காமலேயே முகம் சுளிக்கிறார்கள்?

கொஞ்சம் கௌரவம். கீக் தளத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 1 முதல் 5 வரை ‘எடை’ போடுவார்கள். கனமான ஆட்டம் ஆடுகிறவர் என்று பெயர் எடுத்தவருக்கு, லேசான பெட்டியோடு வந்து உட்காரக் கூச்சம். கொஞ்சம் நியாயமும் உண்டு: பேர்போன பெயரை ஒட்டி விற்றுவிடலாம் என்று அரைகுறையாகச் செய்த பெட்டிகளும் வரத்தான் செய்கின்றன.

எங்கள் குழுவில் இருவர் பழையவர், இருவர் புதியவர். எதை எடுக்கலாம்?

சுருக்கப் பதிப்பு எடுத்தால் எல்லோரும் சமம் என்று எண்ணாதீர்கள். அக்ரிகோலா குடும்ப ஆட்டத்தில் பழையவர் புதியவரைப் பெரியதைவிட மோசமாக நசுக்குவார், ஏனென்றால் நல்ல வழி அவருக்கு மனப்பாடம், கார்டு வந்து புதியவரைக் காப்பாற்ற வழியில்லை. இந்தக் கூட்டத்துக்கு டிக்கெட் டு ரைட் லண்டன் அல்லது ஜாஸ் ஆஃப் தி லயன் எடுங்கள். ஜாஸில் எல்லோரும் ஒரே பக்கம் என்பதால் பழையவரின் அனுபவம் எல்லாருக்கும் உதவும். பெரிய க்ளூம்ஹேவன் பிறகு வாங்கினால் ஜாஸின் வீரர்களை அதிலும் இறக்கலாம். போட்ட காசு வீண் போகாது.

சின்னதை வாங்கிவிட்டு, வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பெரியதை விற்றுவிடலாமா?

யாரோடு ஆடுகிறீர்கள் என்று பாருங்கள். வீட்டில் எப்போதும் இருவர்தான் என்றால் டூயலை வைத்துக்கொண்டு செவன் வொண்டர்ஸைக் கொடுத்துவிடலாம். டிக்கெட் டு ரைட் பெரியதைக் கொடுக்காதீர்கள். விருந்தாளி வந்தால் அதுதான் வேண்டியிருக்கும். அக்ரிகோலா கார்டுகளோடு முழுதாக இருந்தால் வைத்திருங்கள். 2007 பதிப்புக்கான கூடுதல் கார்டுக் கட்டுகளும் 2016-இல் திருத்தி வந்த பதிப்புக்கானவையும் வேறு வேறு என்பதால், பிறகு மனம் மாறித் திரும்ப வாங்கப்போனால் சேர்த்துவைத்த கட்டுகள் பொருந்தாமல் போகலாம்.

க்ளூம்ஹேவனை விற்பதுதான் பெரும்பாடு. ஆட ஆட வரைபடத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பீர்கள், முத்திரையிட்ட உறைகளைப் பிரித்திருப்பீர்கள். எந்தெந்த வீரர்களின் பெட்டி திறந்திருக்கிறது என்று எழுதிக் காட்டாமல் யாரும் விலை பேசமாட்டார்கள். கூரியருக்கு 10 கிலோ. உள்ளூரில் நேரில் வந்து எடுத்துப்போகிற ஆளாகப் பாருங்கள்.